இருபது பேர்ச்

காணிக் கிளைக் கதவு பாதி சாத்தியிருந்தது.
"ரெண்டு மணிக்குப் பிறகு வாங்க" என்றது
வடை மென்றுகொண்டிருந்த ஒரு வாய்.
கதிரவெளியில் விடிய நாலரைக்கு பஸ் ஏறினவள் நான்.
பைலோடு கோட்டைக்கு வெளியே வந்தேன்.
ஒல்லாந்தன் கட்டின மதில்.
அவனிடம் யார் பெர்மிட் கேட்டிருப்பார்கள்?

தெரு முடிந்து வாவி தொடங்குகிற இடத்தில்
ஒரு சின்னப் பூங்கா.
நாலு சீமெந்து வாங்கு, ஒன்றுக்கு முதுகில்லை.
ஒரு சோடி நடுவில் ஹெல்மெட்டை இருத்தி
அதனோடு கதைப்பதுபோல் கதைத்துக்கொண்டிருந்தது.
கம்பி வேலியில் பலகை:
முதலை உண்டு, இறங்க வேண்டாம்.
பலகைக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் நின்று
ஒருவன் தூண்டில் போட்டான்.

ஒரு மணி ஐந்து.
உட்கார்ந்தால் நித்திரை வரும், நடந்தேன்.
எனக்கொரு கெட்ட பழக்கம்,
எங்கே கால் வைத்தாலும் கவடு எண்ணுவேன்.
ஏழு வருடம் இந்தப் பைலைத் தூக்கினால்
யாருக்கும் வரும்.
நீளம் முப்பத்தாறு. அகலம் இருபத்துநாலு.
என் கவடு இரண்டரை அடி.
பைலின் முதுகில் பென்சிலால் பெருக்கினேன்.
இருபது பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு,
ஒரு கிணறு வெட்டுகிற இடம்.

கிணறு எங்களிடம் இருக்கிறது.
திரும்பிப் போன அன்று
வளவு எது, ஒழுங்கை எது என்று தெரியாமல்
பற்றைக்குள் நின்றோம்.
கிணற்றுக் கட்டில் அப்பா ஆணியால் கீறின ஆண்டுதான்
இஞ்ச வா என்றது.
கிணறு சொன்னதை எழுத
எந்தப் படிவத்திலும் ஒரு கூடு இல்லை.

"அளக்க வந்தீங்களா மிஸ்?"

நீலச் சட்டை, பையில் அரசரெத்தினம் என்று நூல் எழுத்து.
கையிலிருந்த குழாய்
அவருடைய செருப்பையே நனைத்துக்கொண்டிருந்தது.
"வாகனம் விடுற இடமாக்கப் போறாங்க என்டு கதை வருது."
இல்லை, சும்மா, என்றேன்.
சும்மா யார் பென்சில் எடுப்பார்கள்?
நம்பவில்லை அவர்.
"நீங்க காண முன்னம் நானே காட்டுறன்" என்று
குரோட்டன் வரிசைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.
மதிலோரம் ஒளித்து வைத்த பிள்ளைகள்போல்
ஒன்பது கொச்சிக் கன்று, இரண்டு கத்தரி.
"தண்ணி மாநகரசபைட தண்ணிதான்.
எழுதிராதங்க கா."

பைலைத் திறந்து காட்டினேன்.
கனகசூரியம் யோகமலர், கதிரவெளி, இருபது பேர்ச்,
ஏழு வருடத்து முத்திரைகள்,
ஒன்றின்மேல் ஒன்று குத்தி எதுவும் வாசிக்க முடியாமல்.
நெடுநேரம் பார்த்தார்.
"கிணறு உப்பா?"
"நல்ல தண்ணி."
"அப்ப விடாதங்க."

குனிந்து பழுத்ததாகப் பார்த்து ஆய்ந்தார்.
கடதாசி இல்லை. கை நிறையத் தந்தார்.
ஒன்றைக் கிள்ளி மணந்து பார்த்தேன்.
ஹெல்மெட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த பெண்
அங்கிருந்தே தும்மினாள்.

இரண்டு மணி பத்து. காணிக் கிளை.
இன்றைக்குப் புது மேசை, புது உத்தியோகத்தர்,
என் மகள் வயதுதான் இருக்கும்.
முதல் தாளிலிருந்து தொடங்கினாள்.
விசிறி அவள் பக்கம் மட்டும் திரும்பியது.
நெற்றி வியர்வையைத் துடைத்த கை
கண்ணிலும் பட்டது.

ஐயோ கொச்சி.
பொலபொலவென்று கொட்டியது.
அவள் பேனையை வைத்துவிட்டு எழும்பினாள்.
"அழாதங்க அக்கா. இருங்க, இருங்க."
கதிரையை இழுத்துப் போட்டாள்.
ஏழு வருடத்தில் அந்த அறையில்
எனக்குக் கிடைத்த முதல் கதிரை.
தன் போத்தல் தண்ணீரைத் தந்தாள்.
பிறகு பைலை மடியில் வைத்து,
இம்முறை மெதுவாக,
கடைசித் தாள் வரைக்கும் வாசித்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மற்றக் கண்ணை
நானே கசக்கினேன்.